கயிறு தெரிகிறதே, அழித்துவிடலாமா?

பழைய படங்களின் தந்திரக் காட்சிகளை அசல் தோற்றத்திலேயே காப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய படம் ஒன்று 4கே என்ற மிகக் கூர்மையான டிஜிட்டல் வடிவத்தில் மறுபடி வரும்போதெல்லாம் இரண்டு கட்சி பிரிந்துவிடும். “அந்த கிராஃபிக்ஸை மட்டும் கொஞ்சம் சரிசெய்திருக்கலாமே” என்பது ஒரு கட்சி. “ஒரு ஃபிரேமில்கூடக் கை வைக்காதே” என்பது இன்னொன்று. நான் இரண்டாவது கட்சிதான், ஆனால் கொஞ்சம் விட்டுக்கொடுப்பவன். ஏன் என்பது கீழே வரும் பதில்களில் தெரியும்.

‘அசல் தோற்றம்’ என்று எதைச் சொல்கிறீர்கள்? நெகட்டிவில் இருப்பதுதானே அசல்?

எல்லாரும் வழுக்கி விழுகிற இடம் இதுதான். கேமராவுக்குள் ஓடிய நெகட்டிவை 1950-இல் எந்த ரசிகரும் பார்க்கவில்லை. அதிலிருந்து ஒரு பாசிட்டிவ், அதிலிருந்து இன்னொரு நெகட்டிவ், அதிலிருந்து தியேட்டருக்குப் போகும் பிரிண்ட் என்று படம் பல சமயம் இரண்டு மூன்று படி இறங்கித்தான் திரைக்கு வரும். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கூர்மை போகும், கொஞ்சம் கறுப்பு ஏறும். தந்திரக் காட்சி எடுத்தவர்கள் இந்த இழப்பைக் கணக்கில் வைத்தே வேலை செய்தார்கள். இந்த முடிச்சு பிரிண்டில் தெரியாது, இந்த விளிம்பு இருட்டில் கரைந்துவிடும் என்பது அவர்களுக்கு அனுபவத்தில் வந்த அறிவு.

தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ராத்திரி வெளிச்சத்தில் இருபதடி தள்ளி உட்கார்ந்து பார்க்கும்போது துரியோதனன் முகத்தில் தீப்பொறி பறக்கும். விடிந்தபின் அதே அரிதாரத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தால் அப்பிவைத்த சாயமும் வியர்வைக் கோடும்தான். இவற்றில் எது அசல் துரியோதனன்? நெகட்டிவை நேரடியாக 4கே-யில் ஸ்கேன் செய்து அப்படியே வெளியிடுவது, கூத்துக்காரரைப் பகலில் பக்கத்தில் நிறுத்திக் காட்டுவது மாதிரி. உண்மைதான், ஆனால் யாரும் காட்ட நினைத்த உண்மை அல்ல.

ஏதாவது ஓர் உதாரணம் சொல்ல முடியுமா?

இந்த விஷயத்துக்கு 1953-இல் வந்த ‘தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’ படத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஜார்ஜ் பால் தயாரிப்பு, பைரன் ஹாஸ்கின் இயக்கம், தந்திரக் காட்சிகள் கார்டன் ஜென்னிங்ஸ் குழு. செவ்வாய்க் கிரகத்துப் போர் விமானங்கள் அந்தரத்தில் மிதந்து வரும், பாம்பு கழுத்து மாதிரி ஒரு தண்டு எழும்பித் திரும்பும், நெருப்புக் கதிர் பாயும். எல்லாம் மேலிருந்து மெல்லிய கம்பிகளில் தொங்கவிட்ட சிறு பொம்மை உருவங்கள். சில கம்பிகள் தாங்குவதற்கு, சில மின்சாரம் கொண்டுபோவதற்கு. அந்த வேலைக்கு ஆஸ்கரும் கிடைத்தது.

அந்தப் படம் முதலில் டெக்னிகலர் முறையில் தயாரான பிரிண்டில் ஓடியது. அந்த முறையில் பிரிண்ட் போடுவது கிட்டத்தட்ட சிவகாசி காலண்டர் அச்சடிக்கிற வேலை. மூன்று நிறத்துக்கு மூன்று அச்சு, ஒவ்வொன்றாகச் சாயம் ஒற்றி எடுப்பார்கள். சாயம் ஒரு மயிரிழை பரவும். அந்த மயிரிழைப் பரவலில் கம்பிகள் காணாமல் போயின. பின்னாளில் அதே படத்தை, சாயம் ஒற்றும் வேலை இல்லாத ஈஸ்ட்மன்கலர் பிரிண்டாகப் போட்டார்கள், அதற்கப்புறம் டிவிடி-யும் வந்தது. படம் கூர்மையானது, வெளிச்சம் ஏறியது, கம்பிகள் கொத்துக் கொத்தாய்ப் பளிச்சிட்டன. ஒரு தலைமுறை முழுக்க “கயிறுகூட மறைக்கத் தெரியாத காலம்” என்று சிரித்தது. பாவம், மறைத்துத்தான் இருந்தார்கள். மறைத்ததை அவிழ்த்தது பின்னால் வந்த தொழில்நுட்பம்.

2018-இல் பாரமவுண்ட் நிறுவனம் படத்தைப் புதிதாகச் சீரமைத்தபோது, மூன்று நிற நெகட்டிவ்களையும் ஸ்கேன் செய்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, பழைய டெக்னிகலர் பிரிண்ட் ஒன்றைப் பக்கத்தில் வைத்து நிறம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கம்பிகளை டிஜிட்டலில் மறைத்தார்கள். அசலைக் காப்பதற்காகவே அசல் நெகட்டிவில் உள்ள ஒன்றை அழிக்க வேண்டி வந்தது. என் கட்சிக்காரர்களிலேயே பாதிப் பேர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நான் ஒப்புக்கொள்கிறேன்.

அப்படியானால் கண்ணை உறுத்தும் எதையும் அழிக்கலாம் என்று ஆகிவிடாதா?

ஆகாது. நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். படம் வெளியான முதல் வாரம், நல்ல தியேட்டரில், நல்ல பிரிண்டில் உட்கார்ந்தவர் அதைப் பார்த்தாரா? பார்க்கவில்லை என்றால் மறைக்கலாம். பார்த்தார் என்றால் அது படத்தின் பகுதி, இருக்கட்டும். கீறல், தூசி, நிறம் வெளுத்தது, பூஞ்சை எல்லாம் காலம் சேர்த்தவை, துடைக்கலாம். நடிகரைச் சுற்றித் தெரியும் நீல விளிம்பு, நடிகருக்குப் பின்னால் வைத்த திரையில் ஓடும் சாலையின் வெளிறல், மாதிரிக் கப்பலைச் சுற்றி அளவுக்குப் பொருந்தாத பெரிய நீர்த்துளிகள் எல்லாம் அன்றைக்கே இருந்தவை.

எல்லைக்கோட்டில் நிற்கும் வழக்குகளும் உண்டு. 1982-இன் ‘பிளேட் ரன்னர்’ படத்தில் பறக்கும் காரைக் கிரேனில் தூக்கிய கேபிள் தியேட்டரிலேயே தெரிந்தது. 2007-இன் இறுதிப் பதிப்பில் ரிட்லி ஸ்காட் அதை நீக்கினார். கண்ணாடிகளை உடைத்துக்கொண்டு ஓடும் காட்சியில் சண்டை டூப்பின் முகத்துக்குப் பதில் நடிகை ஜோஆனா காசிடியின் முகத்தையே புதிதாகப் படம்பிடித்து ஒட்டினார்கள். என் அளவுகோல்படி இரண்டும் தப்பு. ஆனாலும் எனக்குக் கோபம் வரவில்லை. காரணம், அதே ஆண்டு வந்த பெட்டியில் 1982-இன் பதிப்புகள் உட்பட ஐந்து வடிவங்களையும் சேர்த்தே கொடுத்தார்கள். எது வேண்டுமோ அதைப் போட்டுக்கொள்ளலாம்.

‘ஸ்டார் வார்ஸ்’ ரசிகர்கள் ஏன் இன்னும் சண்டை போடுகிறார்கள்?

பழையதைக் கொடுக்காததால்தான்.

1977-இல் அந்தப் படத்தின் விண்வெளிச் சண்டைகள் ஆப்டிகல் பிரிண்டர் என்ற கருவியில் உருவானவை. கப்பல் ஒரு சுருளில், நட்சத்திரம் ஒரு சுருளில், லேசர் ஒரு சுருளில். ஒவ்வொன்றுக்கும் வேண்டாத பகுதியை மறைக்கும் மாஸ்க் வேறு. எல்லாவற்றையும் ஒரே ஃபிலிமில் ஒன்றன்மேல் ஒன்றாக மறுபடி படம்பிடிப்பார்கள். நம்மூர் இரட்டை வேடப் படத்தில் பாதிச் சட்டத்தை மறைத்து இரண்டு முறை ஓட்டினார்களே, அதன் பேரப்பிள்ளை. இப்படிக் காப்பிக்குக் காப்பி தரம் விழும் என்பதால், தந்திரக் காட்சிகளை மட்டும் விஸ்டாவிஷன் என்ற பெரிய சட்டத்தில் எடுத்தார்கள். மூலப் படம் பெரிதாக இருந்தால் காப்பியில் இழந்ததுபோக மிச்சம் இருக்கும் என்ற கணக்கு.

அந்தக் கணக்கில் வராதது ஒன்று. ஒரு காப்பிப் படியை மிச்சம் பிடிக்கப் பயன்படுத்திய ஒருவகை ரிவர்சல் ஃபிலிம், சீக்கிரமே நிறம் வெளுத்துவிட்டது. தொண்ணூறுகளில் பெட்டியைத் திறந்தபோது நெகட்டிவ் கவலைக்கிடம். சுத்தம் செய்தார்கள், வெளுத்த துண்டுகளை மாற்றினார்கள். அதோடு நின்றிருந்தால் இன்று கோயில் கட்டியிருப்பார்கள். 1997-இல் வந்த ‘சிறப்புப் பதிப்பில்’ கணினியில் செய்த விலங்குகள் தெருவில் நடமாடின, வெடிப்பைச் சுற்றி வளையம் பரவியது, ஒரு மதுக்கடைக் காட்சியில் யார் முதலில் சுட்டார் என்பதே மாறியது. நெகட்டிவே இந்தப் புதுப் பதிப்புக்கு ஏற்ப மாற்றி அடுக்கப்பட்டது. 2006-இல் பழைய வடிவத்தை டிவிடி-யில் இலவச இணைப்பு மாதிரி கொடுத்தார்கள். அதுவும் டிவிடி-க்கு முந்தைய லேசர்டிஸ்க் வட்டுக்காக 1993-இல் தயாரித்த மூலப் பிரதியிலிருந்து எடுத்த மங்கல் படம். பல தகராறுகளுக்கு அந்த டிவிடி-தான் எண்ணெய் ஊற்றியது.

2025 ஜூனில் லண்டனில் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் தன் ஃபிலிம் விழாவின் தொடக்க நாளில் 1977-இன் பிரிண்ட் ஒன்றை ஓட்டியது. அதுவும் மேலே சொன்ன சாயம் ஒற்றும் டெக்னிகலர் முறையில் வந்த பிரிண்ட். அந்தச் சாயம் வெளுப்பதில்லை என்பதால் நாற்பத்தெட்டு வருடம் கழித்தும் சிவப்பு சிவப்பாகவே இருந்தது.

படத்தை எடுத்தவரே மாற்றினால் நமக்கென்ன?

கவிஞர் தன் கவிதையைத் திருத்துவதை யாரும் தடுக்க முடியாது, சரி. ஆனால் முதல் பதிப்பை நூலகத்திலிருந்து தூக்குவது வேறு. அதோடு, தந்திரக் காட்சி இயக்குநர் ஒருவருடைய கைவேலை மட்டும் அல்ல. அந்த மாதிரி உருவத்துக்குப் பெயிண்ட் அடித்தவரும், கண்ணாடியில் மலையை வரைந்தவரும் இருக்கிறார்கள். இயக்குநருக்கு அது திருப்தி தராத ஷாட், அவர்களுக்கு ஆறு மாத உழைப்பு.

இதில் ஒரு வேடிக்கை. எண்பதுகளில் அமெரிக்கத் தொலைக்காட்சிகளுக்காகப் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வண்ணம் பூசினார்கள். அதை எதிர்த்து 1988-இல் அந்நாட்டு நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொன்னவர்களில் ஜார்ஜ் லூகாஸும் ஒருவர். லாபத்துக்காகக் கலைப் படைப்புகளை மாற்றுபவர்கள் காட்டுமிராண்டிகள் என்ற அளவுக்குப் பேசினார். அந்த ஆண்டே திரைப்படப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்கீழ் 1989-இல் தேர்வான முதல் 25 படங்களில் அவருடைய ‘ஸ்டார் வார்ஸ்’ படமும் இருந்தது. அப்புறம் எட்டே வருடத்தில் அவரே... சரி, விடுங்கள்.

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இதற்கு எதிர்த்திசையில் நடந்தார். 2002-இல் ‘ஈ.டி.’ படத்தின் இருபதாம் ஆண்டுப் பதிப்பில் காவலர்கள் கையிலிருந்த துப்பாக்கியை டிஜிட்டலில் வாக்கிடாக்கி ஆக்கினார். பிறகு, செய்திருக்கக் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, 2012-இன் புளூரேவில் 1982-இன் வடிவத்தையே கொடுத்தார்.

பொரிப் பொரியாகத் தெரியும் கிரெயினை மட்டும் நீக்கலாமே?

கிரெயின் என்பது ஃபிலிமின் நுண்துகள், படத்தின்மேல் படிந்த அழுக்கு அல்ல, படமே அதனால் ஆனது. ஆப்டிகல் வேலை நடந்த ஷாட்டில் கிரெயின் அதிகம் தெரியும். காப்பியின் காப்பி அல்லவா? ஒரு காட்சியில் திடீரென்று பொரி கூடினால் ‘இதோ தந்திரம் வரப்போகிறது’ என்று அனுபவசாலிகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

மென்பொருள் செய்யும் கூத்தைச் சொல்கிறேன். தூசியைத் தானாக நீக்கும் கருவிக்கு, கறுப்புப் பின்னணியில் சின்ன வெள்ளைப் புள்ளி என்றால் தூசிதான். விண்வெளிக் காட்சியில் அதை அவிழ்த்துவிட்டால் நட்சத்திரங்களைப் பெருக்கித் தள்ளிவிடும். ஆள் உட்கார்ந்து ஃபிரேம் ஃபிரேமாக ‘இது நட்சத்திரம், இது தூசி’ என்று பிரித்துக் கொடுக்க வேண்டும்.

1933-இன் ‘கிங் காங்’ இன்னும் நுட்பமான விஷயம். காங் என்பது சுமார் 18 அங்குலப் பொம்மை, மேலே முயல் தோல். வில்லிஸ் ஓ’பிரையன் குழு ஒரு ஃபிரேம் எடுக்கும், பொம்மையை இம்மி நகர்த்தும், அடுத்த ஃபிரேம் எடுக்கும். திரையில் ஓடும் ஒரு விநாடிக்கு 24 முறை. ஒவ்வொரு முறை பிடித்து நகர்த்தும்போதும் விரல் பட்ட இடத்தில் மயிர் கலையும். படத்தை ஓட்டினால் காங்கின் தோள்மயிர் காற்றில் அலைகிற மாதிரி, கோபத்தில் சிலிர்க்கிற மாதிரி ஓயாமல் நெளியும். கொஞ்சம் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். அது 1933-இல் ஒரு மனிதரின் விரல் பட்ட தடம். கிரெயின் நீக்கும் கருவிக்கு அதுவும் இரைச்சல்தான். கொஞ்சம் அழுத்தித் தேய்த்தால் மயிர் மெழுகாகிவிடும்.

உலோபமில்லாமல் செலவு செய்தால் எல்லாவற்றையும் மூலத்திலிருந்தே மறுபடி சேர்க்க முடியாதா?

தனித்தனிச் சுருள்கள் பிழைத்திருந்தால் முடியும். பெரும்பாலும் பிழைத்திருக்காது. வேலை முடிந்ததும் தூக்கிப் போட்டிருப்பார்கள்.

‘ஸ்டார் ட்ரெக்’ தொலைக்காட்சித் தொடர் இரண்டு வழியையும் காட்டிவிட்டது. அறுபதுகளின் முதல் தொடருக்கு 2006-இலிருந்து கணினியில் புதுக் கப்பல் செய்து ஒட்டினார்கள். ஆனால் 2009-இன் புளூரேவில் ரிமோட்டை அழுத்தினால் பழைய கப்பல் திரும்பி வரும். 1987-இல் தொடங்கிய இரண்டாம் தொடர் ஃபிலிமில் எடுத்து வீடியோ டேப்பில் ஒட்டப்பட்டது. அந்த டேப்பில் தரம் ஏற்ற வழியே இல்லை. அதனால் 2012-இலிருந்து கப்பல் சுருள்களைத் தேடி எடுத்து, அன்று ஒட்டியதை மறுபடி அப்படியே ஒட்டினார்கள். கிடைக்காததற்கு மட்டும் கணினி. புதுசு மாதிரித் தெரியும், ஆனால் அதே பொம்மைக் கப்பல், அதே விளக்கு.

1968-இன் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ இந்தத் தொல்லையையே முன்கூட்டித் தவிர்த்த படம். ஸ்டான்லி குப்ரிக் காப்பி எடுப்பதை வெறுத்தார். ஒரு பகுதியை எடுத்துவிட்டு, கழுவாத நெகட்டிவை மாதக்கணக்கில் பெட்டியில் வைத்து, பிறகு அதே நெகட்டிவில் நட்சத்திரத்தை எடுத்தார். தப்பினால் எல்லாம் போச்சு. தப்பாததால் தந்திரக் காட்சியும் சாதாரணக் காட்சியும் ஒரே கூர்மை. 2018-இல் கிறிஸ்டோபர் நோலன் முன்னின்று கான் விழாவில் காட்டிய 70 எம்.எம். பிரிண்டில் டிஜிட்டல் வேலையே கிடையாது.

துண்டு துண்டாகக் கிடைத்த படத்தை என்ன செய்வது?

ஒட்டுப் போட்டது தெரிய விட்டுவிடலாம். 1927-இன் ‘மெட்ரோபோலிஸ்’ படத்தில் காணாமல் போயிருந்த சுமார் 25 நிமிடம் 2008-இல் புவேனோஸ் ஐரிஸில் 16 எம்.எம். காப்பியாகக் கிடைத்தது. கீறல் மழை, ஓரம் வெட்டுப்பட்ட சட்டம். 2010-இன் சீரமைப்பில் அந்தப் பகுதிகள் சுத்தமான பகுதிகளுக்கு நடுவே அந்தக் காயங்களோடேயே வருகின்றன. கிழிந்த பட்டுச் சேலைக்குத் தெரிகிற மாதிரியே இழையோட்டித் தைத்தது போல. எனக்கு அது பிடித்திருக்கிறது.

நம் படங்களுக்கு இதெல்லாம் பொருந்துமா?

‘மாயாபஜார்’ என்று சொன்னாலே போதும். 1957-இல் கே.வி. ரெட்டி இயக்கத்தில், சென்னை வாகினி ஸ்டுடியோவில் தமிழிலும் தெலுங்கிலும் எடுத்த படம். கேமரா மார்கஸ் பார்ட்லி. ‘கல்யாண சமையல் சாதம்’ பாட்டில் எஸ்.வி. ரங்காராவ் வாயைத் திறக்க லட்டு தானாகப் பறந்துபோய் விழுவதை இன்றைக்கும் குழந்தைகள் எழுந்து நின்று பார்க்கின்றன. துவாரகையைக் காட்ட, கலை இயக்குநர்கள் கோகலேவும் கலாதரும் 50-க்கு 60 அடி இடத்தில் 300 குட்டி வீடுகள் கட்டி விளக்குப் போட்டார்கள். நிலாவில் படகு போகும் பாட்டின் நிலவொளி முழுக்கப் பார்ட்லியின் கைங்கரியம்.

தெலுங்குப் பதிப்புக்கு வண்ணம் பூசி 2010 ஜனவரி 30-இல் வெளியிட்டார்கள். நன்றாக ஓடியது, புதுத் தலைமுறை பார்த்தது, மறுக்கவில்லை. ஆனாலும் எனக்கு நெருடல் உண்டு. கறுப்பு வெள்ளையில் மாதிரி வீட்டின் விளிம்பும் நிஜச் செட்டின் விளிம்பும் ஒரே சாம்பலில் கரைந்திருக்கும். வண்ணம் பூசுகிறவர் ஒவ்வொரு பொருளுக்கும் எல்லைக்கோடு போட்டே ஆக வேண்டும். பார்ட்லி கரைத்து வைத்ததை மறுபடி பிரித்தெடுக்கிற வேலை அது. நிலவொளிக்கு நீலம் பூசினால் அது நீலமாகத்தான் இருக்கும், நிலாவாக இருக்காது.

இன்னொரு நோயும் நம்மிடம் பரவலாக உண்டு. நாலுக்கு மூன்று சட்டத்தில் எடுத்த படத்தை ‘அகலத்திரை’ ஆக்குகிறேன் என்று மேலும் கீழும் வெட்டுவது. தந்திரக் காட்சியில் மேலே இருப்பது வெறும் வானம் அல்ல. கண்ணாடியில் வரைந்த கோபுரம் அங்கேதான் இருக்கும்.

ஏ.ஐ. வந்துவிட்டதே, இனி எளிதுதானே?

எளிதுதான், அதுதான் பயம். 2024-இல் ஜேம்ஸ் கேமரூனின் ‘ஏலியன்ஸ்’, ‘ட்ரூ லைஸ்’ 4கே பதிப்புகள் வந்தபோது, முகங்கள் மெழுகுபோல ஆகிவிட்டன என்று பலர் குறைபட்டார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. மென்பொருள் இல்லாத விவரத்தை ஊகித்து நிரப்புகிறது. அது சீரமைப்பு அல்ல, ஊகம்.

2025 ஆகஸ்டில் லாஸ் வேகாஸின் ஸ்ஃபியர் அரங்கில் 1939-இன் ‘தி விசார்ட் ஆஃப் ஆஸ்’ படத்தை ஏ.ஐ. உதவியால் அங்குள்ள ராட்சதத் திரைக்கு ஏற்ப விரித்து, சுமார் 75 நிமிடமாகச் சுருக்கிக் காட்டத் தொடங்கினார்கள். அதைத் திருவிழா ராட்டினம் என்று எடுத்துக்கொண்டால் சண்டையில்லை. 1939-இல் அந்தச் சூறாவளியை 35 அடி நீள மஸ்லின் துணியைச் சுருட்டித் தொங்கவிட்டுச் சுழற்றி உருவாக்கினார்கள். அந்தத் துணியின் நெளிவைக் காண வேறு பிரதி இருக்கிறவரை எனக்குக் கவலையில்லை.

வீட்டு டிவியில் சரியாகப் பார்க்க என்ன செய்ய வேண்டும்?

போன தீபாவளிக்கு மாமா வீட்டில் புது டிவியில் ‘கிங் காங்’ போட்டார்கள். காங் வழுக்கிக்கொண்டு நடந்தது. “ஏன் மாமா இப்படி?” என்றால், “பெரிய டிவி, அப்படித்தான்” என்றார். செட்டிங்கில் போய்ப் பார்த்தால் மோஷன் ஸ்மூத்திங் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு ஃபிரேமுக்கு நடுவில் டிவியே ஒரு ஃபிரேமைக் கற்பனை செய்து சொருகும். பொம்மையை 24 முறை கையால் நகர்த்தியவர் விட்ட இடைவெளியெல்லாம் அடைபட்டுப் போகும்.

அதை முதலில் அணையுங்கள். ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பேர் வைத்திருக்கும். ‘மோஷன்’, ‘ட்ரூ’, ‘ஸ்மூத்’ என்று எது வந்தாலும் சந்தேகப்படுங்கள். படத் தேர்வில் ‘ஃபிலிம்மேக்கர்’ அல்லது ‘சினிமா’ வையுங்கள். நாய்ஸ் ரிடக்‌ஷன் வேண்டாம். ஷார்ப்னஸ் எண்ணைக் கிட்டத்தட்ட அடிமட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். அது கூர்மை சேர்ப்பதில்லை, விளிம்புக்கு வெள்ளைக் கோடு போடும். மாஸ்க் விளிம்பு இருக்கிற காட்சியில் அந்தக் கோடு இரண்டாகிவிடும்.

கடைசியாக பிரைட்னஸ். பழைய ‘ஸ்டார் வார்ஸ்’ வீடியோக்களில் எதிரி விமானங்களைச் சுற்றிச் சாம்பல் நிறச் சதுரப் பெட்டி ஒன்று கூடவே பறக்கும். மாஸ்க்கின் கறுப்பும் வானத்தின் கறுப்பும் ஒரே கறுப்பு அல்ல. தியேட்டர் பிரிண்டின் அடர்ந்த இருட்டில் இரண்டும் ஒன்றாகிவிட்டன, வீடியோ வெளிச்சத்தில் பிரிந்துவிட்டன. அறை விளக்கை அணைத்துவிட்டு பிரைட்னஸை மெல்லக் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஓர் எண்ணில் பெட்டி மறையும், நட்சத்திரம் மட்டும் நிற்கும். அந்த எண்ணில் விடுங்கள்.